வண்டி சும்மாதானே நிக்கி?

மாப்பிளே, வண்டி வந்து இறங்கியாச்சு. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காயும் உடைச்சாச்சு. எல்லாக் கண்ணும் கழிஞ்சுபோச்சுன்னு வேப்பமரத்து நிழல்ல நிறுத்தி வச்சிட்டு நிம்மதியா இருக்கீரு. பூசணிக்காய்க்குக் கட்டுப்படாத கண்ணு ஒண்ணு இருக்கு வே. அது பொறாமைக் கண்ணு இல்ல, பாசக் கண்ணு. சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்னு வரும். திண்ணையில உக்காரும். மழை பெய்யலியே, பருத்தி விலை ஏறலியேன்னு ரெண்டு சுத்து சுத்தும். எந்திரிக்கப்போற நேரத்துல வேட்டியைத் தட்டிக்கிட்டே கேக்கும்: "வண்டி சும்மாதானே நிக்கி?"

இந்தக் கேள்வியைக் கண்டுபிடிச்சவனுக்கு எட்டயபுரம் ரோட்டுல ஒரு சிலை வைக்கணும். உம்ம வண்டி நிக்கது உம்ம குத்தம். அதை எடுத்து ஓட்டி அந்தக் குத்தத்துல இருந்து உம்மைக் காப்பாத்தத்தான் அவுக வேலைமெனக்கெட்டு வந்திருக்காக. அவுக வீட்டுப் பீரோவுல அட்டிகை கூட சும்மாதான் கிடக்கு. நீரு போய்க் கேட்டுப் பாரும்.

குடுக்காதேயும்னு நான் சொல்லமாட்டேன். குடும். வண்டி இருக்கவன் குடுக்காம, இல்லாதவனா குடுப்பான்? ஆனா என்னத்தைக் குடுக்கோம்னு தெரிஞ்சு குடும்.

நம்ம ஊர்ல டிராக்டர் நிக்காத தெரு கிடையாது. எவனாவது "சாவியைக் குடும், உழுதுட்டுத் தாரேன்"னு கேட்டுப் பாத்திருக்கீரா? மணிக்கு இவ்வளவுன்னு பேச்சு. டிரைவரோட வரும், டிரைவரோட போகும். ஜேசிபியும் அப்படித்தான், கதிரறுக்க வார மிஷினும் அப்படித்தான். எங்க காலத்து வில்வண்டியும் அதே கதைதான். பெரிய வீட்டு வில்வண்டி பிரசவத்துக்குப் போகும், பொண்ணு பாக்கப் போகும், எல்லாத்துக்கும் போகும். ஆனா வண்டிக்காரர் கயித்தை வேற கையில குடுக்கமாட்டாரு. காளைக்கும் ஆள் தெரியும். அசலூரான் உக்காந்து வாலை முறுக்குனா நடுரோட்டுல படுத்துக்கிடும். காருக்கு அந்த ரோசம் கிடையாது. எவன் சாவியைத் திருகினாலும் உத்தரவுன்னு கிளம்பிருது. இரவல் கேக்கவனுக்கு இதைவிட என்ன வேணும்?

நீரு குடுக்கது சாவின்னு நினைக்கீரு. கோவில்பட்டி கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவாக் குப்பை கொட்டுனவன் சொல்லுதேன், நீரு குடுக்கது உம்ம பேரை. ஆர்.சி. புக்குல எழுதியிருக்க பேரு, வண்டி போற ஊருக்கெல்லாம் கூடவே போகும். வண்டி ராத்திரி திரும்பி வந்துரும். பேரு எப்பம் வரும்னு சொல்லமுடியாது, சில சமயம் சம்மனோட வரும்.

முதல்ல, வண்டி கேக்க இந்தப் பொடிப்பயக. உம்ம சித்தப்பா மவன் இருக்கான்லா, பிளஸ் டூ படிக்கவன். மீசை வந்துருச்சு, அதனால ஓட்டவும் வந்துருச்சுன்னு நினைக்கான். "அண்ணே, முக்கு வரைக்கும் ஒரு ரவுண்டு"ம்பான். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199-ஏன்னு ஒரு பிரிவைச் சேத்து வச்சிருக்காக. பதினெட்டு வயசு ஆகாதவன் ஓட்டிக் குத்தம் நடந்தா, மாட்டுதது அவனைப் பெத்தவரு, இல்லைன்னா வண்டிக்குச் சொந்தக்காரரு. மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு பன்னெண்டு மாசத்துக்கு ரத்து. பயலுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டான்"னு சொல்லித் தப்பிக்கணும்னா அதை நீருதான் நிரூபிக்கணும். சாவியை ஆணியில தொங்கவிட்டுட்டு அதை நிரூபிக்கது கஷ்டம். ஆணியைப் பிடுங்கிப் போடும், செலவு கம்மி.

வயசு வந்தவன்னா மட்டும் என்ன? லைசென்ஸ் இல்லாதவன் கையில வண்டியைக் குடுத்தா குடுத்தவருக்கு 180-ஆம் பிரிவு. மூணு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல 5,000 ரூபாய், ரெண்டும் சேந்தும் வரலாம். ஓட்டுனவனுக்குத் தனியா இன்னொரு 5,000. அதனால கேக்க வாரவர்கிட்ட லைசென்ஸைக் காட்டச் சொல்லும். கூச்சமா இருக்கும், தெரியும். மச்சினன்கிட்ட லைசென்ஸ் கேட்டா தங்கச்சி மூணு மாசம் பேசமாட்டா. பரவாயில்ல, மூணு மாசம்தானே. 2004-ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவாச் சொல்லிருச்சு. லைசென்ஸ் இல்லாதவன் இடிச்சு இன்னொருத்தனுக்கு அடிபட்டா, இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவனுக்குப் பணத்தைக் குடுத்துட்டு, வண்டிக்காரர் அஜாக்கிரதையா இருந்திருந்தா அவர்கிட்ட இருந்து திருப்பி வாங்கிக்கிடலாம். விசாரிச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்னு நீரு காட்டுனா தலை தப்பும். அதுக்குத்தான் சொல்லுதேன், லைசென்ஸை வாங்கி செல்லுல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடும். கேட்டா, "புது செல்லு, கேமரா எப்படி இருக்குன்னு பாக்கேன்"னு சொல்லும்.

லைசென்ஸ் இருந்தா எல்லாம் சரியா? அங்கதான் நம்மாளுக "இன்ஷூரன்ஸ் இருக்குல்லா, பாத்துக்கிடலாம்"பாக. இன்ஷூரன்ஸ் யாரோட இன்ஷூரன்ஸு, யாரு பாத்துக்கிடுதது? ஒரு வருசம் கம்பெனிகிட்டக் கை நீட்டாம இருந்தா, சொந்த வண்டிச் சேதத்துக்குக் கட்டுத பிரீமியத்துல 20 சதவீதம் கழிப்பாக. தொடர்ந்து அஞ்சு வருசம் நீட்டாம இருந்தா 50 சதவீதம். அது உம்ம நல்ல பேருக்குக் கிடைக்க கழிவு. இரவல் வாங்குனவுக கழுகுமலைத் தேரோட்டத்துக்குப் போயிட்டு வாரவழியில பம்பரை ஒரு கல்லுல உரசி, அதுக்கு நீரு ஒரு தரம் கை நீட்டுனா, அடுத்த வருசம் கழிவு பூஜ்யம். அதுபோக, ஒவ்வொரு தரமும் முதல் ஆயிரம் ரூபாய் உம்ம கையில இருந்துதான். பெரிய இன்ஜின்னா ரெண்டாயிரம். இதெல்லாம் தெரிஞ்ச மனுசன் உரசலைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்கிடுவான். உரசுனவரு வந்து, "கவனிச்சியா, முன்னாலயே லேசா இருந்திச்சு"ம்பாரு. ஆமான்னுதான் சொல்லணும். வண்டி சும்மா நிக்கையில தானா உரசிக்கிட்டுப் போல.

இன்னொரு சூட்சுமம். பாலிசியில "வாடகைக்கு ஓட்டக்கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும். வெள்ளை போர்டு வண்டின்னா அப்படித்தான். உம்ம சிநேகிதர் சபரிமலைக்கு வண்டியை வாங்கிட்டுப் போறாரு. கூட வார சாமிமாருககிட்ட ஆளுக்கு ஐநூறுன்னு வசூல். "டீசல் காசுதானே மாப்ளே"ம்பாரு. டீசல் எவ்வளவு, வசூல் எவ்வளவுன்னு ஐயப்பனுக்குத்தான் வெளிச்சம். வழியில ஒண்ணு நடந்து, பின்னால உக்காந்திருக்க சாமி ஒருத்தர் "நான் ஐநூறு குடுத்தேனே"ன்னு வாய்விட்டாருன்னு வைங்க, கம்பெனிக்காரன் அந்த வரிக்கு அடியில கோடு போட்டு உமக்கு அனுப்பி வைப்பான்.

இப்பம் ஒண்ணு சொல்லுதேன், இதுல சிரிப்பு கிடையாது. 2009-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கர்நாடக வழக்கு. ஒருத்தரு தெரிஞ்சவர்கிட்ட மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிட்டுச் சொந்த ஊருக்குப் போறாரு. முன்னால இரும்புத் தகடு ஏத்திட்டுப் போன மாட்டுவண்டி திடீர்னு நின்னுருச்சு. மோதி ஆள் போயிட்டாரு. வீட்டம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாக. தப்பு யார் மேலன்னு பாக்காம நஷ்டஈடு குடுக்க 163-ஏன்னு ஒரு பிரிவு அப்பம் இருந்திச்சு. இரவல் வாங்கி ஓட்டுதவரு அந்த நேரத்துக்கு வண்டிக்காரர் இடத்துல நிக்காரு, அவரை மூணாவது ஆளாக் கருத முடியாது, அதனால அந்தப் பிரிவு இதுக்குச் செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. 2020-ல இன்னொரு இரவல் வண்டி வழக்குலயும் அதே பேச்சுதான். நீரு இன்ஷூரன்ஸோட சேத்து எடுத்திருக்கீரே 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, அதுவும் ஆர்.சி. புக்குல பேரு இருக்க ஆளை மனசுல வச்சு எழுதுனது. உம்ம சாவியை வாங்கிட்டுப் போறவரு வீட்டுல எத்தனை பேரு கஞ்சி குடிக்காகன்னு ஒரு நிமிசம் யோசிச்சுப் பாரும். அவருக்கு வண்டி குடுக்கோம்னு நினைச்சு, நாதியில்லாத ஒரு இடத்துல அவரைக் கொண்டுபோய் உக்கார வச்சுருதோம். பாலிசியில கூட உள்ள ஆளுகளுக்கும் தனியாப் பணம் கட்டிக் காப்பீடு சேக்க வழி இருக்கு. ஏஜெண்டுகிட்டக் கேட்டுச் சேத்துக்கிடும். வண்டிக்குப் போட்ட மாலைக்கு ஆன செலவு கூட ஆகாது.

சரி, சிரிப்புக்கு வாரேன்.

ஃபாஸ்டேக்னு ஒண்ணு கண்ணாடியில ஒட்டியிருக்குல்லா, அதை ஒட்டச் சொன்ன மகராசன் நல்லா இருக்கணும். பைசா உம்ம கணக்குல இருந்து போகும், அது வருத்தந்தான். ஆனா எந்த டோல்கேட்டுல போச்சுன்னு செல்லுல சேதியும் வரும். பக்கத்தூர்க்காரரு ஒருத்தருக்கு நடந்தது. சம்பந்தகாரரு வந்து, "மாமனாருக்கு மூச்சுத் திணறல், திருநவேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்"னு சாவியை வாங்கிட்டுப் போனாரு. சாலைப்புதூர்ல டொக்குன்னு ஒரு சேதி. சரி, கயத்தாறு பக்கம் போயிட்டாக, நல்லபடியாப் போய்ச் சேரட்டும்னு இவரு பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்துக்கிட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு நாங்குநேரியில இருந்து இன்னொரு டொக்கு. நாங்குநேரியில என்ன ஆஸ்பத்திரின்னு இவரு யோசிச்சுக்கிட்டே இருக்காரு. ராத்திரி வண்டி வந்துச்சு. மாமனாரு நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இறங்குனாரு. பின் சீட்டு பூரா கன்னியாகுமரி மணல், டிக்கியில சங்கு மாலை. "டாக்டரு கடல் காத்து வாங்கச் சொன்னாரு"ன்னு விளக்கம் வேற. தேங்காய் நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான், உடைக்க வேண்டியிருந்துச்சு.

போற இடத்துல போலீஸ் கேமரா படம் எடுத்தா அதுவும் உம்ம செல்லுக்குத்தான் வரும். சீட் பெல்ட் போடலைன்னா ஆயிரம். குடிச்சிட்டு ஓட்டுனா பத்தாயிரம், ஆறு மாசம் வரைக்கும் உள்ள தள்ளவும் வழி இருக்கு. யாரு ஓட்டுனான்னு போலீஸ் கேட்டா நீரு சொல்லியாகணும், அது 133-ஆம் பிரிவு. "எங்க மச்சான்தான் ஓட்டுனாரு"ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, மறுவாரம் அவுக வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எழுதப் போய்ப் பாரும். இலையில அப்பளம் விழாது.

குத்தாலம் கேட்டு வந்தாகன்னா ஜாக்கிரதையா இரும். சாரல் எடுத்துட்டா நம்ம பக்கத்துல ஒருத்தருக்கும் வீடு தங்காது. எண்ணெய் தேச்சு, அருவியில நின்னு, துவட்டியும் துவட்டாமலும் வந்து சீட்டுல உக்காருவாக. ஜன்னலை ஏத்திட்டு ஏசி வேற. ரெண்டு நாள் கழிச்சு வண்டிக்குள்ள தலையை விட்டா மூக்கு அவிஞ்சு போகும். அஞ்சு பேரு போறதாச் சொல்லிட்டு எட்டுப் பேரு போயிருப்பாக. யாரு மடியில யாரு உக்காந்தான்னு கேக்கக்கூடாது, அது குடும்ப விசயம். குலசாமி கோயில்னா இன்னும் விசேசம். போகையில டிக்கியில உயிரோட ஒண்ணு போகும், வரையில பாத்திரத்துல வரும்.

மலைப்பாதையில ஓட்டத் தெரியாதவரு கிளட்ச்லயே காலை வச்சிட்டு ஏறுவாரு. தீஞ்ச நாத்தம் வந்தா "முன்னால போற லாரியில இருந்து வருது"ம்பாரு. கிளட்ச் பிளேட்டு தேய்மானச் சாமான்ல சேரும், அதுக்கு இன்ஷூரன்ஸும் சல்லிக்காசு தராது. இன்னொண்ணு, உம்மது டீசல் வண்டி. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகுனவரு பங்க்ல ஞாபகப் பிசகா ஊத்தச் சொல்லிருவாரு. டேங்க் மூடியில "டீசல்"னு தமிழ்ல, பெரிய எழுத்துல ஒட்டி வையும். தப்பித்தவறி ஊத்திட்டாகன்னா சாவியைத் திருகவே கூடாது, தள்ளிக்கிட்டுப்போய் ஓரங்கட்டி டேங்கை வடிக்கணும். இதை மட்டும் குடுக்கையிலயே சொல்லிரும். மத்த புத்திமதி எதுவும் அவுக காதுல ஏறாது.

பேப்பருக எல்லாம் செல்லுல இருக்குன்னு நீரு டிஜிலாக்கரைக் காட்டுவீரு. செல்லு உம்ம பையில, வண்டி தென்காசியில. செக் போஸ்டுல நிறுத்துனா ராத்திரி பதினோரு மணிக்கு உமக்குத்தான் போன் வரும்.

இவ்வளவும் கேட்டுட்டு, அப்பம் என்ன சொல்லித் தப்பிக்கன்னு முழிக்கீரு. வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொல்லலாம், ஆனா வேப்பமரத்தடியில நிக்கே. பேட்டரி இறங்கிட்டுன்னு சொன்னா, நாலு பேரைக் கூட்டியாந்து தள்ளிவிடுவாக, நம்ம ஊர்ல தள்ளுததுக்கா ஆளில்ல? "எம் பொண்டாட்டி சம்மதிக்க மாட்டா"ன்னு மட்டும் சொல்லிராதேயும். அந்தச் சொல்லு அவுக வீட்டுக்குப் போகையில கை கால் முளைச்சுப் போகும். உமக்கு வார கெட்ட பேரு நாலு நாள்ல ஆறிரும், உம்ம வீட்டம்மா தலையில ஏத்துனது பேரப்பிள்ளை எடுக்க வரைக்கும் இறங்காது. சிலபேரு உம்மைக் கேக்காம உம்ம அம்மைகிட்ட, அதான் எங்க அக்காகிட்டப் போய்க் கேப்பாக. அக்கா இளகுன மனசு, அவளே சாவியை எடுத்து நீட்டிருவா. அவகிட்ட, "அம்மா, சாவி தொலைஞ்சா புதுச்சாவிக்கு ஆயிரக்கணக்குல ஆகுமாம்"னு மட்டும் சொல்லி வையும். பைசாக் கணக்குல எங்க அக்கா என்னையே நம்பமாட்டா.

பொய்யே வேண்டாம் மாப்பிளே. கேட்டதும் சட்டையை மாட்டும். "வாங்க மாமா, நானே கொண்டுவிடுதேன், எத்தனை மணிக்கு?"ன்னு கேளும். அம்புட்டுதான். அவருக்கு நெசமாவே ஆஸ்பத்திரின்னா, கண்ணு கலங்கி உம்ம கையைப் பிடிச்சுக்கிடுவாரு. கன்னியாகுமரின்னா, "உனக்கு எதுக்குப்பா சிரமம், நாங்க பஸ்சுலயே போய்க்கிடுதோம்"பாரு. உம்மால போகமுடியாத அன்னைக்கு, ஆக்டிங் டிரைவர் ஒருத்தரைச் சேத்து அனுப்பும். பேட்டாவும் சாப்பாடும் அவுக பொறுப்புன்னு முன்னாடியே பேசிரும். பேட்டான்னதும் பாதிப் பேருக்குப் பயணத்துக்கு நாள் நல்லாயில்லாம போயிரும்.

அதையும் மீறி ஒருத்தர் நிப்பாரு. நெருங்குன சொந்தம், தட்ட முடியாது, டிரைவரும் வேண்டாம்பாரு. அவரு வீட்டு விசேசம்னு வைங்க. மஞ்சள் போர்டு வண்டி ஒண்ணைப் பேசி, வாடகையில பாதியை உம்ம கையில இருந்து குடுத்துரும். கசக்கும். கிளட்ச், பம்பர், கழிவு, குத்தால வாடை எல்லாத்தையும் கூட்டிப் பாரும், அப்பம் இனிக்கும்.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு. ராத்திரி கதவைத் தட்டி, பாம்பு கடிச்சிட்டு, வலி எடுத்துட்டு, நெஞ்சைப் பிடிச்சிட்டாருன்னு வந்தாகன்னா, லைசென்ஸும் வேண்டாம் லாடமும் வேண்டாம், நான் சொன்னது அத்தனையும் மறந்துட்டு லுங்கியோட போய் வண்டியை எடும். 108-க்குப் போன் அடிக்கது ஒரு பக்கம் நடக்கட்டும். வண்டி வாங்குனதே அந்த ராத்திரிக்குத்தான்.

என்னையும் இந்த விதிவிலக்குல சேத்துராதேயும். நானும் ஒருநாள் கேப்பேன், கேக்கையில இதெல்லாம் எனக்கே ஞாபகம் இருக்காது. நீரு ஞாபகப்படுத்துனா கோவம் வரும். அப்பமும் சட்டையை மாட்டிக்கிட்டு வாரும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கு. திண்ணைக்கு வரவே வராது. கீழத்தெருவுல உம்ம பெரியம்மை இருக்காகளே, ரெண்டு கண்ணுலயும் புரை. திருநவேலி கண்ணாஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வாராக. பஸ் படி ஏற முட்டு மடங்கமாட்டேங்கு, கண்டக்டர் கையைப் பிடிச்சுத் தூக்கிவிடுதாரு. உம்ம வண்டி நிக்க வேப்பமரத்தைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்காக. வாய் திறந்து ஒரு வார்த்தை கேக்கமாட்டாக. நீராப் போய், "பெரியம்மை, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்"னு சொல்லும். எனக்குச் சோலி ஒண்ணும் இல்லைன்னு சொன்னா ஏறமாட்டாக, அந்தக் காலத்து மனுசி. முன் சீட்டை நல்லாப் பின்னால தள்ளி வையும், காலை நீட்டணும். ஏசியைக் குறைச்சே வையும், சேராது. ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு, சொட்டு மருந்து விட்டு, டாக்டரைப் பாத்து முடிக்க எப்படியும் பொழுது சாஞ்சிரும். அதுவும் நல்லதுக்குத்தான். இருட்டுக்கடை சாயந்திரந்தான் திறப்பாக. நெல்லையப்பர் கோயில் வாசல்ல பெரியம்மை சாமியைக் கும்பிட்டுக்கிட்டு நிக்கட்டும், நீரு வரிசையில நின்னு எனக்குக் கால் கிலோ அல்வா வாங்கிட்டு வாரும். சூடா வாங்கும், ஆறுனதுன்னா இலையோட ஒட்டிக்கிடும்.